மஞ்சள் பூ பூத்தால் மீன் வரும்

குவின்ஸியில் வசந்தம் வந்துவிட்டதை ஆண்டுதோறும் எனக்கு முதலில் சொன்னது ஃபோர்சித்தியா வேலிதான். நாலு மாதம் பனியில் கிடந்து வெறும் குச்சியாய் நின்ற செடி, இலை விடுவதற்கு முன்பே ஒரே வாரத்தில் மஞ்சளாய்ப் பூத்துக் கொட்டும். நம் ஊரில் சரக்கொன்றை பூத்தால் சித்திரை வந்துவிட்டது என்கிறோம் அல்லவா? அதைப்போல அங்கே கடலோரத்து ஆட்களுக்கு அந்த மஞ்சள் ஒரு கணக்கு. பூ வந்தால், சேற்றுக்குள் கிடந்த ஃப்ளவுண்டர் மீன் வெளியே வந்து இரை தேடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

நான் அங்கே பதின்மூன்று ஆண்டுகள் இருந்தேன். 2001-இல் போனேன், 2014-இல் திரும்பினேன். பாஸ்டனில் வேலை, அதற்குத் தெற்கே ஒட்டியிருக்கும் குவின்ஸியில் வீடு, நடுவில் ரெட் லைன் ரயில். அந்த வீட்டையோ, காரையோ, அலுவலகத்தையோ நினைத்து இப்போது எனக்கு ஏக்கம் எதுவும் வருவதில்லை. ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே நடுவரை நீளும் அந்த மூன்று வாரத்தை மட்டும் மனசு விடமாட்டேன் என்கிறது. இங்கே என் ஊரான பொறையாரில் சித்திரை வெயில் ஏறும் நாளில் விடிகாலை நாலு மணிக்கு விழிப்பு வந்தால், இந்நேரம் அங்கே தண்ணீரின் குளிர் எவ்வளவு குறைந்திருக்கும் என்றுதான் நினைப்பு ஓடுகிறது.

தமிழ்ப் புத்தாண்டு கழிந்து ஒரு வாரத்துக்குள் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு ஒரு விடுமுறை வரும். பேட்ரியட்ஸ் டே, ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்கள்கிழமை. பாஸ்டன் மாரத்தானைப் பார்க்க ஊரே கிளம்பும். நாங்கள் ஆறு பேர் எதிர்த்திசையில், ஹவ்ஸ் நெக் படகுத்துறைக்குப் போவோம். குவின்ஸியிலிருந்து கடலுக்குள் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துண்டு அது. கடலோரத் தொழிலாளிக் குடும்பங்கள் நெருக்கமாய் வாழும் இடம். உலகத்தின் ஃப்ளவுண்டர் தலைநகரம் என்று அந்த ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

ஆறு பேர் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சிறு வாடகைப் படகு ஓட்டும் கேப்டன்களுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல் படை தரும் உரிமத்தில், கட்டணம் தரும் பயணிகள் ஆறு பேருக்குமேல் ஏற்றக் கூடாது. அதனால் ஆறு பேர் சேர்ந்தால் பங்கு சரியாக வரும். எங்கள் கூட்டத்தில் நாங்கள் மூன்று தமிழர்கள், என் மாடி வீட்டில் இருந்த சீனத்துப் பெரியவர், அவருடைய மருமகன், அலுவலகத்தில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த வியட்நாம்காரர். கேப்டனுக்கு அப்போதே அறுபது தாண்டியிருந்தது. ஹவ்ஸ் நெக்கிலேயே பிறந்தவர். ஃபோர் ரிவர் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்து, 1986-இல் அந்தத் தளம் மூடப்பட்ட பிறகு படகுத் தொழிலுக்கு வந்தவர்.

பெரிய மீனைத் துரத்தி ஆழ்கடலுக்குப் போகும் ஆரவாரம் எதுவும் இந்தப் பயணத்தில் கிடையாது. துறையை விட்டுக் கிளம்பிக் கால் மணி நேரத்தில் நங்கூரம் போட்டுவிடுவோம். ஒரு பக்கம் பெடக்ஸ் தீவு, வடக்கே பாஸ்டன் நகரத்தின் உயரமான கட்டடங்கள், தலைக்கு மேலே லோகன் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள். ஆழம் இரண்டு மூன்று ஆள் உயரம்தான். ஆனால் அந்த இடத்தை எடுப்பதில்தான் கேப்டனின் அறுபது வருஷமும் இருந்தது. பாஸ்டன் துறைமுகத்தில் தண்ணீர் ஒரு ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒன்பது, பத்தடி ஏறி இறங்கும். வற்றும்போது கரையோரச் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரியும். அவை வெயிலில் காயும். மறுபடியும் அதன்மேல் ஏறும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். குளிரில் மந்தமாகிக் கிடக்கும் மீன், அந்த இளஞ்சூட்டுத் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியே இறங்குகிறதோ அங்கே வந்து காத்திருக்கும். கேப்டன் அந்த வாய்க்காலின் விளிம்பில் முன்னும் பின்னுமாக இரண்டு நங்கூரம் போட்டுப் படகை அசையாமல் நிறுத்துவார். படகு ஊசலாடினால் தூண்டில் தரையில் இழுபடும், மீன் ஒதுங்கிவிடும்.

பிறகு ஒரு சிறிய கம்பிக்கூடையை எடுப்பார். அதற்குள் நொறுக்கிய சிப்பியும் மட்டியும் கலந்து உறையவைத்த கட்டி இருக்கும். கயிற்றில் கட்டித் தரைவரை இறக்கி, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உலுக்குவார். வாசனை ஓட்டத்தோடு போய் மீனைக் கூப்பிட்டு வரும். தூண்டில் முள் சின்னது, நீளமான காம்பு உடையது. ஃப்ளவுண்டருக்கு உடம்பு தட்டு மாதிரி அகலமாக இருந்தாலும் வாய் ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். முள்ளுக்கு மேலே மஞ்சள் மணி ஒன்று கோத்திருக்கும். மஞ்சளைக் கண்டால் இந்த மீன் வருகிறது என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. செடியிலும் மஞ்சள், தூண்டிலிலும் மஞ்சள். இரைக்குக் கடல்புழு. நம் விரல் தடிமனில், இரண்டு பக்கமும் சிறு கால்கள் அசைய நெளியும். அதைத் துண்டு துண்டாய் நறுக்கிக் கோக்க வேண்டும்.

ஃப்ளவுண்டர் இரை எடுப்பதைக் கடி என்று சொல்வதே கொஞ்சம் மிகைதான். ஈயக்குண்டைத் தரையில் தட்டவிட்டு, ஒரு சாண் தூக்கி, மெல்ல இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கை விறைத்திருக்கும். ஏதோ ஒரு முறை தூக்கும்போது, நனைந்த துண்டு ஒன்று மாட்டிக்கொண்டதுபோலக் கனக்கும். அவ்வளவுதான். அந்தக் கனம் கைக்குப் பழகுவதற்கு எனக்கு இரண்டு வசந்தம் ஆயிற்று. முதல் வருஷம் முழுக்கப் பச்சை நண்டுகளுக்குத் தீனி போட்டேன். சீனத்துப் பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் பொதுவான மொழி கிடையாது. ஒரு நாள் என் மணிக்கட்டைப் பிடித்து, எத்தனை மெதுவாகத் தூக்க வேண்டும் என்று இரண்டு தடவை தூக்கிக் காட்டினார். மூன்றாவது தடவை நானே தூக்கினேன். கனத்தது.

மேலே வந்த அந்த முதல் மீனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. மேல்பக்கம் ஈரச் சேற்றின் நிறம், அதில் கரும்புள்ளிகள். திருப்பினால் அடிப்பக்கம் சுண்ணாம்பு வெள்ளை. இரண்டு கண்ணும் வலப்பக்கமே முண்டிக்கொண்டு, தனித்தனியாக உருண்டு என்னைப் பார்த்தன. இந்த மீன் பிறக்கும்போது எல்லா மீன்களையும்போல நிமிர்ந்துதான் நீந்துகிறது. பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட ஆகாத பருவத்தில் இடது கண் தலையைத் தாண்டி வலப்பக்கம் நகர்ந்து வருகிறது. அதன் பிறகு ஒருக்களித்துப் படுத்து, வாழ்நாள் முழுக்கத் தரையோடு தரையாக இருந்துவிடுகிறது. கோடையில் அதே கடலுக்கு வரும் இன்னொரு வகைத் தட்டை மீன் உண்டு. ஃப்ளூக் என்பார்கள். அதற்குக் கண்கள் இடப்பக்கம். வாயும் பெரிது, பல்லும் கூர்மை. மீனை நிமிர்த்திப் பிடித்துக் கண் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே எது என்று சொல்லிவிடலாம்.

குளிர்கால ஃப்ளவுண்டர் என்று அதற்கு முழுப்பெயர். பெயருக்கு ஏற்ற மீன். மற்ற மீன்கள் குளிருக்குப் பயந்து ஆழத்துக்கும் தெற்குக்கும் போகும்போது, இது குளிர்காலத்தில்தான் கரைக்கு வந்து, கழிமுகங்களில் முட்டையிடுகிறது. அதன் இரத்தத்தில் உறைபனியைத் தடுக்கும் ஒருவகைப் புரதம் இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே போன உப்புத் தண்ணீரிலும் அது உயிரோடு கிடக்கும். முட்டைகள் மிதக்காமல் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதாவது, எந்தச் சேற்றில் தாய் கிடக்கிறதோ அந்தச் சேற்றிலேயே பிள்ளையும் வளர வேண்டும். அந்தச் சேறு கெட்டுப்போனால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. இது எனக்கு முழுதாக உறைத்தது 2006-இல், அம்மா அங்கே வந்தபோது.

அம்மா ஏப்ரல் முதல் வாரத்தில் வந்து இறங்கினாள். வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாளே என்று ஒரு சனிக்கிழமை அவளையும் படகில் கூட்டிப்போனேன். புடவைக்கு மேலே என் பழைய குளிர்ச்சட்டை, தலையில் சால்வை, அதற்கு மேலே கேப்டன் கொடுத்த உயிர்காப்பு அங்கி. கிழக்கிலிருந்து கடற்காற்று ஊசியாய் இறங்கிக்கொண்டிருந்தது. "கொண்டல் காத்துகூட இப்படி வெறைக்குமா தம்பி?" என்று கேட்டவள், முதல் மீன் ஏறியதும் குளிரை மறந்துவிட்டாள்.

"இது நம்ம எருமை நாக்குல்ல?"

எங்கள் ஊரில், தரங்கம்பாடியிலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரம்மா எப்போதாவது கொண்டுவரும் தட்டை மீனுக்கு அந்தப் பெயர். எருமையின் நாக்கு மாதிரி தடித்து, கறுத்து இருக்கும். இரண்டும் ஒரே மீன் அல்ல, தூரத்து உறவு. பிற்பாடு ஆர்வத்தில் படித்தபோது ஒன்று தெரிந்தது. 1801-இல் பெர்லினில் அச்சான ப்ளாக், ஷ்னைடர் இருவரின் மீன் நூலில் நம் எருமை நாக்குக்கு வைத்த அறிவியல் பெயரிலேயே 'எருமை' என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது. இன்றுவரை உலகம் முழுக்க அந்த மீன் 'செட்டோடஸ் எருமேய்'தான். தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற பாதிரியார் அக்காலத்தில் நம் கரையின் மீன்களைப் ப்ளாக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். எருமை நாக்குக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. சிலவற்றுக்குக் கண் வலப்பக்கம் இருக்கும், சிலவற்றுக்கு இடப்பக்கம். எந்தப் பக்கம் போவது என்று அந்தக் குடும்பத்தின் மூத்த மீனுக்கு இன்னும் முடிவாகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மதியம் கேப்டன் மீனை வெட்ட உட்கார்ந்தார். அங்கத்தி வழக்கப்படி, மெல்லிய வளையும் கத்தியால் முதுகெலும்பை ஒட்டி நாலு வீச்சு. நாலு சதைத் துண்டு தனியே வந்துவிடும். மிச்சத்தைக் கடல் காக்கைகளுக்குத் தூக்கி எறிவார். முதல் எலும்புக்கூடு பறந்ததுமே அம்மா பதறிவிட்டாள்.

"அவர்கிட்ட சொல்லு தம்பி. தலையும் முள்ளும் நம்மளுக்கு வேணும். கொழம்புக்கு அதுல்ல ருசி!"

நான் சொன்னேன். சீனத்துப் பெரியவரும் வேகமாகத் தலையாட்டினார், தனக்கும் முழு மீனாகவே வேண்டும் என்று. கேப்டன் சிரித்துக்கொண்டே அடுத்த மீனின் வயிற்றைக் கீறினார். கீறியவர் விரலால் எதையோ தேடி எடுத்து, கத்தியின் நுனியில் வைத்து அம்மாவிடம் நீட்டினார். மீனின் ஈரல். கருஞ்சிவப்பாய், வழுவழுவென்று, ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது.

"இதைப் பாருங்கம்மா. இருபது வருஷத்துக்கு முந்தி வந்திருந்தா, இந்த ஈரல்ல வெள்ளை வெள்ளையா கட்டி இருந்திருக்கும். என் பிள்ளைங்களுக்கு இந்த மீனைக் கொடுக்கவே பயந்தேன்."

நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா ஈரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நாம செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவோம். இவரு ஈரலைப் பார்த்துட்டுத்தான் நம்புறாரு" என்றாள்.

அவர் ஏன் ஈரலைப் பார்த்தார் என்பதற்கு அந்த விரிகுடாவின் கதையைச் சொல்ல வேண்டும். பாஸ்டனும் சுற்றியுள்ள ஊர்களுமாக நாற்பதுக்கும் மேற்பட்ட நகராட்சிகளின் சாக்கடை அந்தத் துறைமுகத்தில்தான் கலந்துகொண்டிருந்தது. ஹவ்ஸ் நெக்கின் முனையிலேயே, நட் தீவில், 1952 முதல் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. வடக்கே டியர் தீவில் இன்னொன்று. இரண்டும் பேருக்குத்தான் சுத்திகரித்தன. வடிகட்டி எடுத்த கசடைத் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துக் கடலில் திறந்துவிடுவார்கள், ஓட்டம் வெளியே இழுத்துப் போகட்டும் என்று. அடுத்த ஏற்றத்தில் அதில் பாதி திரும்பி வரும். எந்த ஓட்டத்தை நம்பி நாங்கள் தூண்டில் போட்டோமோ, அதே ஓட்டத்தில்தான் அது போய் வந்துகொண்டிருந்தது. அத்தனையும் போய்ப் படிந்த சேற்றில்தான் இந்த மீன் படுத்து, தின்று, முட்டையிட்டது. 1980-களில் டியர் தீவுப் பக்கம் பிடித்த ஃப்ளவுண்டர்களின் ஈரலை ஆய்வாளர்கள் அறுத்துப் பார்த்தபோது, பலவற்றில் புற்றுக்கட்டிகள் இருந்தன.

1982-இல் குவின்ஸி நகராட்சியின் வழக்கறிஞர் வில்லியம் கோல்டன், வொல்லஸ்டன் கடற்கரையில் ஓடப் போனார். காலில் மனிதக் கழிவு மிதிபட்டது. அவர் வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவிக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. நகராட்சி வழக்குப் போட்டது. மாநில நீதிமன்றத்தில் நீதிபதி பால் காரிட்டி அதை விடாமல் பிடித்துக்கொண்டார். பிறகு கூட்டரசு நீதிமன்றத்தில் நீதிபதி டேவிட் மஸோன், தூய நீர்ச் சட்டம் மீறப்பட்டிருக்கிறது என்று 1985-இல் தீர்ப்புச் சொல்லி, எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று அட்டவணை போட்டு, பல ஆண்டுகள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். 1991-இல் கசடு கொட்டுவது நின்றது. 1998-இல் நட் தீவு நிலையம் மூடப்பட்டு, அந்த இடம் பூங்காவாயிற்று. 2000 செப்டம்பரில், டியர் தீவிலிருந்து கடலுக்கடியில் ஒன்பதரை மைல் நீளும் சுரங்கம் திறந்தது. முழுதாகச் சுத்திகரித்த நீர், துறைமுகத்தைத் தாண்டி ஆழக்கடலில் போய்க் கலக்கிறது. அந்தச் சுரங்கத்தின் கடைசி வேலையில், 1999-இல், இரண்டு முக்குளிக்கும் தொழிலாளர்கள் மூச்சுக்காற்று கிடைக்காமல் உள்ளேயே இறந்துபோனார்கள்.

மொத்தச் செலவு 380 கோடி டாலர் அளவுக்கு ஆயிற்று. அதில் பெரும்பகுதியை வீடு வீடாகத் தண்ணீர் வரியோடு சேர்த்து வாங்கினார்கள். கேப்டன் அந்த பில்லைத் திட்டாத மாதம் இல்லை. திட்டிக்கொண்டே கட்டினார். அவர் வேலை பார்த்த ஃபோர் ரிவர் தளத்தில்தான் பிற்பாடு அந்தக் கசடைக் காயவைத்து உரமாக்கும் ஆலை வந்தது. "நான் கப்பலுக்குத் தகடு ஒட்டின இடத்துல இப்ப ஊரோட அழுக்கை உரமாக்கறாங்க. போகட்டும், என் விரிகுடா எனக்குத் திரும்பி வந்தது" என்பார். ஃப்ளவுண்டர் ஈரலில் இருந்த கட்டிகள் படிப்படியாகக் குறைந்து, நான் அங்கே இருந்த காலத்தில் ஏறக்குறைய மறைந்தே போயின. மனிதர் கெடுத்த கடலை மனிதரே முனைந்து திருப்பிக் கொடுத்ததை நான் கண்ணால் கண்டது அந்த ஓர் இடத்தில்தான்.

அன்று இரவு அம்மா தலையையும் முள்ளையும் புளிக்குழம்பில் போட்டாள். சதை மெலிது, குழம்பில் கரைந்துவிடும் என்று அதை மட்டும் மஞ்சள், மிளகாய்த்தூள், உப்போடு கொஞ்சம் அரிசி மாவு தூவி வறுத்தாள். அடுத்த சனிக்கிழமை ஒரு டப்பாவில் கேப்டனுக்கும் போனது. படகு விளிம்பில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, கடைசித் துண்டுவரை தின்றார். அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகும் ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்: "அம்மா நல்லா இருக்காங்களா? அந்தத் தூள் இன்னும் அனுப்பறாங்களா?"

மே மாதம் ஏற ஏற, விரிகுடாவுக்குள் மற்ற மீன்கள் வந்து சேரும். ஹெர்ரிங் வகை மீன்கள் கடலை விட்டுப் பக்கத்து வேமத் ஊரின் ஓடைகளில் எதிர்நீச்சல் போட்டு ஏரிக்கு ஏறி முட்டையிடப் போகும். அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரைப்பர் வரும். நம் கொடுவாயின் வாட்டம், உடம்பு நெடுக ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள். கூட்டமாய் மேல்தண்ணீரில் வரும் மேக்கரல், நம் கானாங்கெளுத்தியின் உறவு. அதற்கு ஆறு முள் கோத்த தூண்டிலைப் போட்டால் ஆறிலும் ஏறும். இளைஞர்களுக்கு அதுதான் கொண்டாட்டம். அப்போது படகும் ஓரிடத்தில் நிற்காது, பறவை விழும் திசையெல்லாம் ஓடும். எனக்கு மட்டும் அந்த ஓட்டம் தொடங்கியதும் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். தண்ணீர் சூடேறியதும் ஃப்ளவுண்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். இனி அடுத்த மஞ்சள் பூக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பு வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போயிற்று. தண்ணீர் தெளிந்தது, ஈரல் தேறியது, ஆனால் மீன் பழையபடி பெருகவில்லை. கேப்டனின் சின்ன வயதில் ஹவ்ஸ் நெக்கிலிருந்து வாடகைத் தோணி எடுத்துப் போனவர்கள் சாக்குச் சாக்காய்க் கொண்டுவந்தார்களாம். என் காலத்தில் ஒருவருக்கு எட்டு மீன்தான் வரம்பு, 12 அங்குலத்துக்குக் குறைந்ததைத் திருப்பி விட வேண்டும். எட்டு கிடைத்த நாட்கள் கையளவு. நியூயார்க்கின் லாங் ஐலண்டிலும் நியூ ஜெர்சியிலும் நிலைமை இன்னும் மோசம். அங்கே வரம்பு இரண்டு மீன். ஒரு காலத்தில் அங்கும் வசந்தத்தின் முதல் மீன் இதுதான்.

பழைய நாட்களில் இழுவலைகளும் தூண்டில்களும் சேர்ந்து அளவில்லாமல் அள்ளியது ஒரு காரணம். கடல் சூடாவது இன்னொன்று. பாஸ்டன் கடலும் சேர்ந்த மெய்ன் வளைகுடா உலகின் பெரும்பாலான கடல்பகுதிகளைவிட வேகமாகச் சூடாகிக்கொண்டிருக்கிறது. குளிரை நம்பிப் பிறக்கும் மீன் இது. கடும் குளிர் இருந்தால், முட்டையையும் குஞ்சையும் தின்னும் இறால்கள் மந்தமாகிக் கிடக்கும். குளிர் இளகினால் அவை முன்கூட்டியே விழித்துக்கொள்கின்றன. சாக்கடையை நிறுத்த ஒரு நீதிபதியும் ஒரு சுரங்கமும் போதுமாயிருந்தன. குளிர்காலத்தைத் திருப்பிக் கொண்டுவர அது போதாது.

அப்பா போன பிறகு அம்மா தனியாக இருந்தாள், அதனால் 2014 கோடையில் நான் கிளம்பினேன். கடைசியாகப் படகேறியது அந்த மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை. மதியம்வரை எனக்கு ஒரே ஒரு மீன். வற்றத்தின் கடைசியில், பாஸ்டன் துறைமுகத்திலேயே இருக்கும் இன்னொரு லாங் ஐலண்ட் தீவின் பழைய பாலம் வெயிலில் நீளமாய்த் தெரிந்தது. அந்தப் பாலத்தையும் அதே வருஷம் அக்டோபரில் மூடி, அடுத்த வருஷம் இடித்துவிட்டார்கள். கேப்டன் நங்கூரக் கயிற்றைச் சுருட்டியபடி, "அடுத்த வருஷம் உங்க இடத்தை யாருக்கும் கொடுக்கல, ஒரு ஆளைக் குறைச்சே போறேன்" என்றார். சொன்னபடியே ஒரு வசந்தம் ஐந்து பேரோடு போனதாக நண்பர் எழுதினார். அதற்கடுத்த வருஷம் முட்டி வலி தாங்காமல் கேப்டன் படகை விற்றுவிட்டார்.

அம்மா 2019-இல் போய்விட்டாள். மீன்காரம்மா இப்போதும் வருகிறார், கூடையில் எருமை நாக்கு கண்ணில் படுவது அபூர்வமாகிவிட்டது. கிடைத்தால் வாங்கிவிடுவேன். அரிவாள்மனையில் வைத்து அவர் வயிற்றைக் கீறும்போது, "ஈரலைக் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்று கேட்பேன். முதலில் விசித்திரமாகப் பார்த்தவர், இப்போது கேட்காமலே எடுத்துக் காட்டுகிறார். இங்கே நம் ஆறுகள் எதைச் சுமந்துகொண்டு கழிமுகத்துக்கு வருகின்றன என்பதைப் பார்க்கும்போதெல்லாம், கடற்கரையில் ஓடப் போய் நீதிமன்றத்துக்கு வந்து நின்ற அந்த வழக்கறிஞர் நினைவுக்கு வருகிறார். என் ஏக்கத்தில் அந்த மீனுக்கு எவ்வளவு இடமோ, அவ்வளவு இடம் அவருக்கும் உண்டு.

பாஸ்டன் பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலி மஞ்சளாகும் வாரத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். ஊரிலிருந்து அம்மாவோ அப்பாவோ வந்திருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு ஹவ்ஸ் நெக்குக்குப் போங்கள். உரிமம் உள்ள வாடகைப் படகில் போனால் உங்களுக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை. நட் தீவுப் பூங்காவின் மீன்பிடிப் பாலத்திலிருந்து தூண்டில் போடுவதானால், 16 வயது ஆனவர்கள் மாநிலத்தின் கடல்மீன் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டின் வரம்பு எத்தனை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் தூக்குங்கள். கண் எந்தப் பக்கம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஈரலையும் காட்டி, அது எப்படிச் சுத்தமாயிற்று என்று சொல்லுங்கள். 12 அங்குலத்துக்குக் குறைந்ததை ஈரக் கையால் பிடித்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.